அவருடைய லைசென்ஸில் பிடித்த மீன்

அந்த ஏரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நம்பி ஒருவரிடம் ஒன்றைச் சொல்லிப் பட்டது இந்தப் பிறவிக்குப் போதும். மொன்றியலில் இருந்து வடக்கே, மலைப்பக்கம். விடியத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். அதற்குமேல் யாரும் கேட்கவேண்டாம்.

என்னை அங்கே முதன்முதலில் கூட்டிப்போனவர் என் கணவர்தான். அதை மறைக்கமாட்டேன். மகள் படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போனபிறகு, மொன்றியலின் ஓரத்தில் பியர்பொன்ட்ஸில் உள்ள வீட்டில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவருக்குத் துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை. எனக்கு வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. இத்தனை வருடமும் பிள்ளையைப் பற்றியே கதைத்துப் பழகியவர்களுக்குப் பிள்ளை இல்லாத வீட்டில் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. "சாப்பிட்டீரோ?" என்று அவர் கேட்பார். "ஓம்" என்பேன். பிறகு தொலைக்காட்சி கதைக்கும்.

அந்த நேரத்தில்தான் அவர் ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கினார். கூட ஒரு சின்னத் திரையும் வந்தது. தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கோடு கோடாகக் காட்டும். "நீரும் வாருமன், தனியப் போய் என்ன செய்யிறது" என்றார். மீன் பிடிக்கும் ஆசையில் நான் போகவில்லை. கூப்பிட்டாரே என்று போனேன்.

இந்த மாகாணத்தில் ஒரு வசதி உண்டு. கணவர் மீன்பிடி லைசென்ஸ் எடுத்தால் மனைவியும் அதிலேயே பிடிக்கலாம். ஆனால் இருவர் பிடிப்பதும் ஒரே கணக்கு, லைசென்ஸ் வைத்திருப்பவரின் கணக்கு. ஒருமுறை வனவிலங்குக் காவலர் தன் படகை எங்கள் படகோடு அணைத்து லைசென்ஸ் கேட்டபோது, இவர் தன்னுடையதை நீட்டி, என்னைக் காட்டி, "மனைவி, என்னுடைய லைசென்ஸில்" என்று பிரெஞ்சில் சொன்னார். காவலர் எனக்கு ஒரு தலையாட்டல் தந்துவிட்டுப் போனார். எனக்கு அது உறுத்தவில்லை. ஒரே சட்டியில் கொதிக்கப்போகிற மீனுக்கு இரண்டு கணக்கு எதற்கு?

அங்கே உள்ள மீன் பாஸ். இங்கத்தைய ஆட்கள் அஷிகான் என்பார்கள். கடல் மீன் தின்று வளர்ந்த எங்கள் சனம் முதலில் முகம் சுளிக்கும், குளத்து மீன் சேறு மணக்கும் என்று. பழப்புளியைக் கொஞ்சம் கூடக் கரைத்து, பெருஞ்சீரகம் இடித்துப் போட்டால் சுளித்த முகமே இரண்டாம் முறை கோப்பையை நீட்டும். ஆனால் முதலில் மீன் பிடிபடவேண்டும். கோடைத் தொடக்கத்தில் கரையோரம் பிடிபட்டது. வெயில் ஏறி, ஏரி மேலே வெந்நீர் மாதிரி ஆனதும் ஒன்றுமில்லை. ஆடி மாதம் முழுக்க வெறும் வாளியோடு வீடு வந்தோம்.

அவருக்கு ஒரே ஒரு மந்திரம் தெரியும்: ஈயம் தரை தட்டவேண்டும். சின்ன வயதில் ஊரில் கடற்பாலத்தில் இருந்து தூண்டில் போட்டவர். அங்கே ஈயம் தரை தட்டினால் மீன். இந்த ஏரியோ நடுவில் பனை ஆழத்துக்குமேல் போகும். அவர் ஈயத்தை அடிவரை இறக்கிவிட்டுக் காத்திருப்பார். திரையில் பாதி ஆழத்தில் வளைவு வளைவாக ஏதோ நிற்கும். "உது என்ன?" என்று கேட்டால், "பழைய மெசின், விசர்க் கோலம் காட்டுது" என்பார்.

எனக்கு விடை மோர்ப் போத்தலில் கிடைத்தது. மோரைக் குளிராக வைத்திருக்கப் போத்தலின் கழுத்தில் நீல நைலோன் கயிற்றைக் கட்டி, ஒரு கல்லையும் சேர்த்துத் தண்ணீருக்குள் தொங்கவிடுவேன். கயிறு கட்டையாக இருந்த நாட்களில் மோர் வெதுவெதுப்பாக மேலே வந்தது. ஒருநாள் கயிறு கை தவறி நீளமாக ஓடிவிட்டது. இழுத்தெடுத்தால் போத்தல் ஐஸ் மாதிரி, வெளியே வேர்த்து வடிகிறது. கயிற்றையே கையால் தடவிப் பார்த்தேன். ஒரு இடம்வரை இளஞ்சூடு, அதற்குக் கீழே விரல் விறைக்கும் குளிர். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்த இடத்தில் என் பழைய பருத்திச் சேலையின் சிவப்புக் கரையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். பிறகு கயிற்றை நேராக இறக்கி, திரையைப் பார்த்தேன். அந்த வளைவுகள் எல்லாம் சிவப்புத் துண்டுக்குச் சற்று மேலே நின்றன.

மெசினுக்கு விசர் இல்லை. மீன்கள்தான் நின்றன. மேலே இருக்க ஏலாத சூடு, கீழே போக ஏலாத குளிர், இடையில் ஒன்றும் செய்யாமல் நின்றன.

நிற்கிற மீனைக் கடிக்கவைப்பது வேறு வேலை. அது பசியில் அலையவில்லை. புழு அதைக் கடந்து கீழே போனால் திரும்பியும் பாராது. நான் ஈயத்தைத் தங்கூசி நூலின் நுனியில் கட்டி, தூண்டில் முள்ளை அதற்கு ஒரு முழம் மேலே கட்டினேன். முள்ளில் ஒரு சின்ன றப்பர்ப் புழு. அதை மீனின் தலைக்குச் சற்று மேலே இறக்கி நிறுத்தினேன். பிறகு கையைச் சும்மா வைத்திருந்தேன். சும்மா என்றால் கட்டைபோல அல்ல. கார்டெரியில் மத்தியானம் பிள்ளைகளை நித்திரையாக்குவது என் வேலை. கண் செருகும் பிள்ளையின் முதுகில் கை வைத்திருக்கவேண்டும். அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அந்தக் கையைத்தான் தூண்டில் தடியில் வைத்தேன். படகு ஆடுகிற ஆட்டமே புழுவுக்குப் போதுமாக இருந்தது. தடியின் நுனி மெல்ல, மிக மெல்லக் குனிந்தது.

முதல் மீன் வந்தபோது அவர் சிரித்த சிரிப்பை இன்றும் மறக்கவில்லை. பச்சையும் மண்ணிறமுமாக ஒரு பாஸ், படகுக்குள் அடித்துத் துள்ளியது. "எட, கெட்டிக்காரி!" என்று என் தலையில் கை வைத்தார். அன்றைக்கு வீடு வரும்வரை கதைத்தோம். மீனைப் பற்றித் தொடங்கி, மகளைப் பற்றி, அவருடைய மேலாளரின் கூத்தைப் பற்றி, என் கார்டெரியில் தாயைவிட்டு இறங்காத பிள்ளையைப் பற்றி. அதன்பிறகு எல்லாக் கோடையும் அப்படித்தான். வெயிலுக்கு ஏற்றபடி குளிர் மேலும் கீழும் இடம்மாறும். நான் கயிற்றைத் தடவிப் பார்த்துச் சிவப்புத் துண்டை மாற்றிக் கட்டுவேன். அவர், "இண்டைக்கு எவ்வளவில நிக்குது?" என்று என்னைக் கேட்பார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அவர் என்னைக் கேட்டு ஒன்றைச் செய்தது அந்தப் படகில்தான். அதனால்தான் அந்தப் படகு எனக்கு அவ்வளவு முக்கியம். மீனுக்காக அல்ல.

எங்கள் கோயிலில் கோடையில்தான் திருவிழாக் கொடியேறும். கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. சட்டிகளைப் புளிபோட்டுக் கழுவி மேல்தட்டில் ஏற்றிவிடுவேன். படகையும் அவரே ஏரிக்கரையில் தறப்பாளால் மூடிக் கட்டிவிட்டு வருவார். வருடத்தின் மிகச் சூடான நாட்கள் அவை. மீன்கள் கோடு கீறியதுபோல நிற்கிற காலம் அதுதான். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. "அதுகளும் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்" என்று இவர்தான் பெரிய ஞானிமாதிரிச் சொல்லுவார்.

போன கோடையும் மூடினார். அந்த முறை நான் ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் பிடித்தேன். அவர் முதுகு நோவோடு வேலைக்குப் போகமுடியாமல் கிடந்து எழும்பியிருந்தார், அவருக்காகத்தான் பிடித்தேன். சனிக்கிழமைகளில் அவர், "கப்பல் பிந்தி வந்து கிடக்கு, ஓவர்டைம்" என்று விடியப் போனார். நானும் முதுகைப் பார்த்துப் பாரம் தூக்கச் சொல்லி, சாப்பாடு கட்டிக்கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சுவாமி வெளிவீதி வரும்போது கார்கள் நிற்கிற தார் வெளியில் வெறுங்காலோடு நடந்து, அவருடைய முதுகுக்காகக் கும்பிட்டேன். கால் கொப்பளித்தது. இப்போது நினைத்தால் காலைவிட மனம்தான் எரிகிறது.

தேருக்கு முந்தின நாள், சனி பின்னேரம், கராஜுக்குள் வாளி எடுக்கப் போனேன். மோர்ப் போத்தல் கட்டும் நீலக் கயிறு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி, சீமெந்து நிலம் கறுத்திருந்தது. சிவப்புத் துண்டு நனைந்து கயிற்றோடு ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை ஒழுகியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். வெளியே ஒரு கிழமையாக மழை இல்லை.

கேட்கவில்லை. தேர் முடியட்டும், தீர்த்தம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். விரத நாளில் சண்டை பிடித்தால் விரதம் பாழ் என்று பயம்.

தீர்த்தம் முடிந்த அடுத்த ஞாயிறு, அவரோடு வேலைசெய்கிற ஒருவரின் வீட்டில் சாப்பாடு. எங்கள் வீட்டிலிருந்து சில தெரு தள்ளி, பின்வளவு உள்ள வீடு. விரதம் முடிந்த கையோடு எல்லாரும் மச்சத்துக்குக் காய்ந்துபோய் இருந்தார்கள். இவர் பின்வளவில் கரியடுப்படியில் இடுக்கியோடு நின்றார். நான் குசினிக்குள் போனேன். வீட்டுக்காரி உறைபெட்டியைத் திறந்து, தோலுரித்துத் துண்டாக்கிய மீன் பைகளை எடுத்து மேசையில் அடுக்கினாள்.

"எவ்வளவு மீன்! எங்க வாங்கினீர்?" என்றேன்.

"வாங்கிறதோ? உங்கட மனுசன் தந்ததுதானே அக்கா. ஒவ்வொரு சனியும் எங்கட இவரையும் மற்றப் பெடியளையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர். உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவளுக்கு முன்னால் நான் தெரியாத மனைவியாக நிற்க விரும்பவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் சென்னைப் பையன் ஓடிவந்து தட்டை வாங்கினான். ஐடி வேலைக்காரன், நல்ல பிள்ளை.

"அக்கா, அண்ணன் செம ஆளுக்கா! நீங்களும் ஒரு தடவ கூட வரணும். எல்லாரும் அடியில தேடுவாங்க. ஆனா வெயில் காலத்துல அது நடுத்தண்ணில சும்மா நிக்கும். கீழ போற எதையும் பாக்காது. தலைக்கு மேல புழுவை நிறுத்திட்டு கைய ஆட்டாம வெச்சுக்கணும். எப்படின்னா, தூங்கப்போற குழந்தை முதுகுல கைய வெச்சிருப்போம்ல, அந்த மாதிரி. அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு."

படகில் நான் அவருக்குச் சொன்ன சொல் ஒன்றுகூடக் குறையாமல் அவன் வாயிலிருந்து வந்தது. எங்கள் மகளை அவர் ஒருநாளும் நித்திரையாக்கியதில்லை. பிள்ளை அழுதால் தலையணையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போகிற மனிதர். அவருக்குக் குழந்தையின் முதுகில் வைத்த கை எப்படி இருக்கும் என்று தெரியுமாம்!

நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன், அடுப்படிவரை கேட்கட்டும் என்று. "அப்பிடியோ தம்பி? அண்ணன் இதை எப்பிடிக் கண்டுபிடிச்சவராம்?"

"பாட்டிலைக் கயித்துல கட்டி விட்டாராம்க்கா. எங்க சூடு முடியுது, எங்க குளிர் ஆரம்பிக்குதுன்னு பாத்து. ரெண்டு சம்மர் தனியா உக்காந்து கண்டுபிடிச்சாராம்."

தனியா. கண்டுபிடித்ததைத் தனதென்று சொன்னதைக்கூட ஆண்பிள்ளைகளின் பெருமை என்று விட்டிருப்பேன். என்னைப் படகிலிருந்தே இறக்கிவிட்டார். அத்தனை கோடையும் அவருக்கு எதிரே நான் இருந்த இடத்தில் அவர் கதையில் ஒருவரும் இல்லை.

அவருக்குக் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். "உது இவ கண்டுபிடிச்சது" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? பகிடியாகச் சொல்லியிருந்தாலும் நானும் சிரித்துவிட்டுத் தட்டை வைத்திருப்பேன். அவர் குனிந்து, மீனை மற்றப் பக்கம் பிரட்டினார். கூட நின்றவர் ஏதோ சொல்ல, அதற்குச் சத்தமாகச் சிரித்தார்.

காரில் வரும்போது கேட்டேன். "கொடியேறின நாளில ஏன் போனனீங்கள்?"

"நான் ஒண்டும் தின்னேல்லையே. பிடிச்சனான் மட்டும்தான்."

அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. கடவுளுக்கே கணக்குக் காட்டுகிற ஆள்.

"ஓவர்டைம் எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"சொன்னால் நீரும் வாறன் எண்டு நிப்பீர். பெடியள் கொஞ்சம் தண்ணியடிச்சுப் பகிடி விட்டுக்கொண்டு இருப்பாங்கள். பொம்பிளை இருந்தால் அவங்களுக்குச் சங்கடம்."

"தனியக் கண்டுபிடிச்சனான் எண்டு சொன்னனீங்களாமே?"

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது சொன்னார்: "மனுசி காட்டித்தந்தது எண்டு சொன்னால் சிரிப்பாங்களப்பா. மீன்தானே. விடுமன்."

விடவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து நேரே தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். லைசென்ஸ் வேண்டும் என்றேன். அங்கே நின்ற பெண் நல்ல மனதோடு, உன் கணவரிடம் இருந்தால் உனக்குத் தனியாகத் தேவையில்லையே என்று பிரெஞ்சில் சொன்னாள். தெரியும், என் பெயரில் வேண்டும் என்றேன். என் முழுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் இரண்டு தரம் பிழையாக அடித்தாள். இரண்டு தரமும் திருத்தவைத்தேன்.

சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். "வாரும், ஏரிக்குப் போவம்." சமாதானம் என்று நினைத்தார்போல. நானும் போனேன். எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். பாதி வழிவரை வீதியைப் பற்றிக் கதைத்தார், மீதி வழி வானொலி கேட்டார்.

ஏரியில் காற்று இல்லை. கயிற்றை இறக்கி, தடவிப் பார்த்து, துண்டை மாற்றிக் கட்டினேன். சூடு இன்னும் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவர் பழக்கத்தில் கேட்டார்: "எவ்வளவில நிக்குது?"

"நீங்கள்தானே கண்டுபிடிச்சது. பாருங்கோ."

அவர் முகம் கறுத்தது. திரையைப் பார்த்தார், ஆழத்தைச் சரியாகத்தான் பிடித்தார். ஆனால் அன்று மீன்கள் சோம்பல். அவருடைய கை சும்மா இருக்கவில்லை. கோபத்தில் தடியை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. அவர் திரும்பவும் ஈயத்தைத் தரைக்கு விட்டார்.

வெயில் உச்சிக்கு வரும்போது வனவிலங்குக் காவலரின் படகு வந்தது. முன்பு வந்த அதே மனிதர்தான். இவர் தன் லைசென்ஸை நீட்டி வழமைபோல, "மனைவி..." என்று தொடங்கினார். நான் என்னுடையதை எடுத்துக் காவலரின் கையில் கொடுத்தேன். இவர் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். காவலர் வாளிக்குள் எட்டிப் பார்த்து, யாருடைய மீன் என்று கேட்டார்.

"எல்லாம் என்னுடையவை" என்றேன்.

காவலருக்குச் சந்தோசம். இந்தச் சூட்டில் இந்த ஏரியில் அஷிகான் எடுப்பது சுலபமில்லை, இங்கேயே பிறந்தவர்களும் வெறுங்கையோடு போகிறார்கள் என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள், ஐயா."

அங்கே பெடியள் யாரும் இல்லை. பகிடி பண்ண ஆளில்லை. காவலர் இனி அடுத்த வருடம்தான் வருவார், வராமலும் விடுவார். உண்மையைச் சொல்ல அதைவிட லேசான இடம் என் கணவருக்குக் கிடைக்காது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு காவலரின் பக்கம் திரும்பினார்.

"மெர்சி" என்று நன்றி சொன்னார்.

காவலரின் படகு போனபின் அது கிளப்பிய அலையில் நாங்கள் ஆடினோம். நான் கயிற்றை இழுத்து, போத்தலைத் திறந்து, மோரைக் குடித்தேன். அவருக்குக் கொடுக்கவில்லை. பிறகு கயிற்றில் இருந்த சிவப்புத் துண்டின் முடிச்சை நகத்தால் அவிழ்த்தேன். நனைந்து இறுகியிருந்தது, நேரம் எடுத்தது.

"ஏன் அவிழ்க்கிறீர்? பேந்து ஆழம் எப்பிடித் தெரியும்?" என்றார்.

"இது என்ர சீலை" என்றேன். பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டு, கரைக்குப் போகலாம் என்று சொன்னேன்.